கிணறுகளைப் பேசவைத்த பொறியியலாளர் தேவமலர்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சனசமூக நிலையத் தலைவி திருமதி ஜெயகௌரி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மெதடிஸ்த திருச்சபைப் போதகர் ஐயா அவர்களே, துணைவியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நிர்மலன் அவர்களே, நெல்லியடிப் பக்கத்திலிருந்தும் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிக் கரையிலிருந்தும் தோட்ட வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் கமக்கார உறவுகளே, தாய்மாரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வல்லிபுரம். நமது கமக்காரர் சங்கத்தின் செயலாளர். எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கொஞ்சம் கூடப் போகும். ஏன் கூடப் போகிறது என்பது முடிவில் உங்களுக்கு விளங்கும். அதுவரை பொறுத்தருள வேண்டும்.

அமரர் பொறியியலாளர் தேவமலர் நிர்மலன் நம்மைவிட்டுப் போய் இன்று பதினெட்டு நாள். பதினெட்டு நாளும் விடிந்தது. பதினெட்டு நாளும் நாம் தண்ணீர் அள்ளினோம், குடித்தோம், குளித்தோம். அந்தத் தண்ணீர் நேற்றையதைவிட உப்பா, நேற்றையதைவிடக் குறைவா என்று நமக்காக யோசித்துக்கொண்டிருந்த ஒரு மனம் இப்போது இல்லை. இல்லை என்று நாக்கு சொல்கிறது. நெஞ்சு ஒத்துக்கொள்ள மறுக்கிறது! இன்று காலைகூடப் பனங்கூடலுக்கு அப்பால், இருள் விலகாத தோட்டத்துக்குள்ளே ஒரு வெள்ளைத் தொப்பி அசைவதைக் கண்டேன். அவராகத்தான் இருக்கும் என்று இரண்டடி நடந்தேன். கிட்டப் போனபோது அது வெருளிப் பொம்மை. யாரோ பழைய தொப்பி ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

யார் இந்தத் தேவமலர்? ஏர்னெஸ்ட் மாஸ்ரரின் மகள் என்று மூத்தவர்களுக்குத் தெரியும். கொழும்பில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தார் என்பதும் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்பு வேலையை விட்டுவிட்டுக் கணவரோடு தகப்பனாரின் வீட்டுக்குத் திரும்பி வந்தார். வந்த கிழமையே சங்கத்தில் உறுப்பினராகச் சேர வேண்டும் என்று என்னை அழைத்தார். போனேன். தேநீர் தந்தார். தந்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, தேத்தண்ணி எப்பிடி?”

“நல்லாயிருக்குது பிள்ளை.”

“பொய் சொல்லாதேங்கோ. உப்புக் கரிக்குது.”

நான் சிரித்துவிட்டேன். “அது கனகாலமா அப்பிடித்தான்.”

“எவ்வளவு காலமா?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு அவர் ஒரு மாதம் வீடு வீடாக நடந்தார். ஒருவர், சுனாமிக்குப் பிறகுதான் என்றார். இன்னொருவர், இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோதே அப்படித்தான் என்றார். வேறொருவர், தன் கிணறு இன்னமும் நல்ல தண்ணீர்தான் என்று சத்தியம் செய்தார். அவர் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்! ஒருவருக்கும் தெரியாது, சபையோரே. நாம் குடிக்கும் தண்ணீரின் கதை நம் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது.

அந்தக் கதையைத் தேவமலர் எனக்குச் சொன்ன காலை நேரம் கனவு போல நினைவில் இருக்கிறது. மார்கழி மாதம். வெங்காயத் தாள்களின் நுனியெல்லாம் பனித்துளி. கிணற்றுக் கட்டில் கையை ஊன்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தபடி, தூங்கும் குழந்தை எழும்பிவிடக் கூடாது என்பதைப்போன்ற குரலில் சொன்னார்.

“கீழை கல்லெல்லாம் பொந்து பொந்தாக் கிடக்குது அண்ணை. அதுக்குள்ளை கடல் வந்து படுத்திருக்குது. கடலுக்கு மேலை எங்கடை மழைத் தண்ணி, பாலிலை ஆடை மாதிரி, மெல்லிசா மிதக்குது. நாங்கள் மேலை இருந்து கூட இறைச்சா ஆடை கிழிஞ்சுபோம். கடல் மேலை வந்திடும். உங்கடை கிணறு, என்ரை கிணறு எண்டு ஒண்டும் இல்லை. எல்லாம் ஒரே தண்ணியைப் பாக்கிற யன்னலுகள்.”

அன்றைக்குப் பிறகு நான் நிலத்தில் நடக்கும்போது பாதம் ஏதோ மிதக்கும் ஒன்றின்மேல் படுவதுபோல இருக்கும். அறுபது வருடம் நடந்த மண் அது!

அடுத்த தையில் அவர் வேலையைத் தொடங்கினார். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கருவி. அதைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார். தனக்கு மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அந்தத் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று மணிக்கொரு தடவை அது இன்ரநெற் வழியாகச் சொல்லும். முப்பத்தேழு கிணறுகளில் முப்பத்தேழு கருவிகள். நெல்லியடியில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் கோபிகாவும் அவரும் சேர்ந்து எல்லாவற்றையும் தங்கள் கைகளாலேயே பூட்டினார்கள். கோபிகா அதோ பின்வரிசையில் தலை குனிந்து இருக்கிறார்.

கருவி சொல்லும் எண்ணை எங்கே எழுதி வைப்பது? அங்கேதான் புளொக்செயின் என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டோம். சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து, “கொழும்பிலை பெரிய கொம்பியூட்டர் ஒண்டிலை போட்டு வைக்கலாமே பிள்ளை?” என்று கேட்டேன்.

“போடலாம் அண்ணை. அப்ப அந்தக் கொம்பியூட்டருக்கு ஆர் பொறுப்போ அவரை எல்லாரும் நம்பவேணும். நாங்கள் வேலிக்காக ஒரு அடி நிலத்துக்கு முப்பது வரியம் வழக்குப் பேசுற ஆக்கள். ஒருத்தரையும் நம்பமாட்டம். அதுக்குத் தக்கமாதிரித்தான் செய்யவேணும்.”

மண்டபமே சிரித்தது. அவர் விளக்கினார். பதினொரு வீடுகளில் சீனி போட்டு வைக்கும் ரின் அளவில் பதினொரு சிறிய கணினிகள். பதினொன்றிலும் ஒரே கணக்குக் கொப்பி. ஒவ்வொரு மணித்தியாலமும் முப்பத்தேழு எண்களும் ஒரு பக்கமாக எழுதப்படும். அந்தப் பக்கத்தில் முந்திய பக்கத்தின் முத்திரை இருக்கும். யாராவது பழைய பக்கத்தில் ஒரு எண்ணை மாற்றினால் அதற்குப் பிறகு வந்த முத்திரைகள் எல்லாம் உடையும். மற்றப் பத்து வீடுகளின் கொப்பிகளும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பணக்காரன் சொன்னாலும் மாறாது. அதிகாரி சொன்னாலும் மாறாது. எழுதியவரே அழுதாலும் மாறாது! நாம் அதற்குக் கிணற்றுச் சங்கிலி என்று பெயர் வைத்தோம்.

மாலை வேளையில் அவருடைய கணினித் திரையில் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். முப்பத்தேழு நீலக் கோடுகள். காலையில் மெல்லத் தாழும். மத்தியானத்தில் மெல்ல உயரும். மழை பெய்தால் எல்லாம் ஒன்றாக எழும். படுத்திருக்கும் ஒருவரின் மார்பு ஏறி இறங்குவதுபோல நமது நிலம் மூச்சு விடுவதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். வேறு எந்த ஊருக்குக் கிடைத்தது அந்தப் பாக்கியம்?

கோடுகளைப் பார்த்து நாம் ஒரு ஒழுங்கு வகுத்தோம். ஒரு தோட்டம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு மணித்தியாலம் இறைக்கலாம். மீறினால் இறைப்பு மிசினுக்கு எட்டு நாள் பூட்டு. எல்லோரும் கை உயர்த்தினோம்.

இனி நான் சொல்லப்போவது பலருக்குத் தெரிந்த கதை. தெரிந்தாலும் இன்று சொல்லியாக வேண்டும். நாலு வருடத்துக்கு முன்பு, ஆடி மாதம். தோட்டமெல்லாம் காந்துகிறது. நமது சங்கத்து ஏரம்புவின் கிணற்றில் ஒவ்வொரு காலையும் தண்ணீர் நாலு அடி இறங்குவதாகச் சங்கிலி காட்டியது. அயலில் இரண்டு கிணறுகளும் அதே காலத்தில் இறங்கியிருந்தன. உப்பும் கூடியிருந்தது. கூட்டம் கூடினோம். நான்தான் தீர்ப்பை வாசித்தேன். ஆமைப்பூட்டை எடுத்துக்கொண்டு போனவனும் நான்தான். மூன்று பரப்பு வெங்காயம், கிழங்கு பருக்கும் நேரம். ஏரம்பு மிசின் கொட்டிலின் வாசலில் நின்றான்.

“வல்லிபுரமண்ணை, நான் மீறி இறைக்கேல்லை. என்ரை பிள்ளையளாணை இறைக்கேல்லை.”

“மிசின் பொய் சொல்லுமே ஏரம்பு?”

இந்தக் கையால் பூட்டினேன்.

பூட்டிய பிறகும் கோடு இறங்கியது. முன்னையதைவிடக் கூட இறங்கியது. ஊர் என்ன சொன்னது தெரியுமா? கள்ளத் திறப்பு வைத்திருக்கிறான் என்றது! நானும் அதைச் சொன்னேன். எட்டாம் நாள் தேவமலர் திரையின் முன்னால் இருந்து தனக்குத்தானே பேசிக்கொண்டாராம். கோபிகா எனக்குச் சொன்னார். “மிசின் பூட்டிக் கிடக்குது. அப்ப தண்ணி எப்பிடி இறங்கும்?” உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏரம்பு வீட்டுக்குப் போனார். விடிந்தும் விடியாத நேரம். கிணற்றடியில் ஏரம்புவும் மனைவியும் மகளும் வாளியால் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பரப்பு வெங்காயத்துக்கு வாளித் தண்ணீர்! மகளின் உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது. ஒவ்வொரு முறை வாளி மேலே வரும்போதும், வாளிக் கயிற்றோடு சிக்கிக் கருவியின் கயிறும் மேலே வந்தது. தண்ணீர் கீழே இறங்கவில்லை, சபையோரே. கருவி மேலே ஏறிக்கொண்டிருந்தது! பூட்டுக்கு முன்பு வீட்டுத் தேவைக்கு வாளியால் அள்ளியபோதும் அப்படித்தான். தனக்கு மேலே தண்ணீர் குறைகிறது என்று அது சொன்னது. அது சொன்னது உண்மை. நாம் வாசித்தது பிழை.

தேவமலர் அந்தக் கிணற்றுக் கட்டில் அப்படியே இருந்துவிட்டாராம். எழும்பவில்லையாம். ஏரம்புவின் மனைவிதான் தண்ணீர் கொடுத்து எழுப்பினார்.

அன்று பின்னேரம் கோபிகா ஒரு வழி சொன்னார். கோபிகா, நான் இதைச் சொல்லலாம்தானே? தலையாட்டுகிறார். “அக்கா, பழைய பக்கத்தை அழிக்கேலாது. ஆனால் பதினொரு வீடும் ஓமெண்டால் எல்லாத்தையும் விட்டிட்டு முதல்லை இருந்து புதுச் சங்கிலி தொடங்கலாம். ஆர் கேக்கப் போகினம்?”

“ஏரம்பண்ணை கேப்பார்,” என்றார் தேவமலர்.

அடுத்த நாள் இதே மண்டபத்தில், இதே இடத்தில் நின்றார். கையில் குறிப்பு இல்லை.

“மிசின் பொய் சொல்லேல்லை. பிழையாக் கட்டினது நான். இந்தச் சங்கிலி எழுதினதைக் காக்கும். எழுதினது சரியோ எண்டு அதுக்குத் தெரியாது. அதை நாங்கள்தான் போய்க் கண்ணாலை பாக்கவேணும். நான் பாக்கேல்லை. ஏரம்பண்ணை, என்னை மன்னியுங்கோ.”

பிறகு எல்லோர் முன்னிலையிலும் சங்கிலியில் ஒரு பக்கம் சேர்த்தார். ‘மேலே உள்ள அளவுகள் பிழையானவை. கருவியைப் பிழையாகக் கட்டியவர் தேவமலர். ஏரம்பு இறைக்கவில்லை.’ அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘அயல் கிணறுகள் இரண்டும் இறங்கிய காரணம் அளக்கப்படவில்லை.’ இன்றைக்கும் அது பதினொரு வீடுகளில் இருக்கிறது. தன் பிழையை அழியாத எழுத்தில் தானே பதித்துவிட்டு, அதன் கீழேயே வாழ்ந்த மனிதரை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? நான் கண்டேன். நாம் எல்லோரும் கண்டோம்!

ஏரம்புவின் வெங்காயம் போய்விட்டது. அடுத்த போகத்துக்குத் தேவமலர் விதை வெங்காயத்தோடு அவன் தோட்டத்துக்கு வந்தார். கணினிப் பொறியியலாளர், நாற்பத்தெட்டு வயது, அந்த வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, முழங்கால் மண்ணில் புதைய, ஏரம்புவின் மனைவிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து நாலு நாள் நட்டார். தனக்குள்ளே தேவாலயப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். காற்றடித்தால் பாட்டு ஒரு பக்கம் போகும், தொப்பி ஒரு பக்கம் போகும். ஏரம்புவின் மகள் ஓடிப்போய்த் தொப்பியைப் பிடித்துவருவாள்.

அதற்குப் பிறகுதான் சனிக்கிழமைப் பழக்கம் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஆறு மணிக்கு யாராவது இருவர், போத்தலும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கிணறாகப் போய்க் கையால் அளப்பது. கருவி சொல்வதும் கை சொல்வதும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. கயிற்றை இழுத்துப் பார்ப்பது. அந்த வேலைக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவன் யார் தெரியுமா? ஏரம்பு! “எனக்குத்தான் அதின்ரை கள்ளம் தெரியும்,” என்றான்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் நினைவிருக்கிறதா? மாரி பொய்த்தது. கடல்நீரேரிப் பக்கத்துப் பதினாறு கிணறுகளிலும் உப்பு ஏறத் தொடங்கியது. நாக்குக்குத் தெரிய முன்பே, இருபது நாளுக்கு முன்பே, சங்கிலி சொல்லிவிட்டது. தேவமலர் வீடு வீடாக வந்தார். கரையில் உள்ளவர்கள் இறைப்பை நிறுத்தினார்கள். உள்ளே உள்ளவர்கள் அரைவாசியாகக் குறைத்துக்கொண்டு, கரையில் உள்ளவர்களுக்குக் குடிதண்ணீர் கொடுத்தார்கள். எழுபது நாள்! வேலிக்குச் சண்டை பிடித்தவர்கள் வேலியைப் பிரித்துத் தண்ணீர்க் குழாய் போக வழி விட்டார்கள். அரச அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த அதிகாரி, “இந்த எண்களை எப்படி நம்புவது?” என்று கேட்டார். தேவமலர் அவரைப் பதினொரு வீடுகளில் எந்த வீட்டுக்கும் நீங்களே போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார். அந்த அதிகாரி முதலில் வாசித்தது நான் சற்று முன்பு சொன்ன அந்தப் பிழைப் பக்கத்தைத்தான். வாசித்துவிட்டு வந்து, “இதை எழுதியவர்கள் மற்றதைப் பொய்யாக எழுதமாட்டார்கள்,” என்று சொல்லி, எண்களை ஏற்றுத் தன் அறிக்கையில் கையெழுத்து வைத்தார்.

எழுபத்தோராம் நாள் மழை வந்தது. நான் அவர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். தேவமலர் முற்றத்தில் நனைந்துகொண்டு நிற்கிறார். கைத்தொலைபேசியைப் பொலித்தீன் பைக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். முப்பத்தேழு கோடுகளும் எழும்பிக்கொண்டிருந்தன. மழைச் சத்தத்துக்குள்ளே கீழே எங்கோ தண்ணீர் தண்ணீரோடு சேரும் சத்தம் கேட்பதுபோல இருந்தது எனக்கு. அது உண்மையில் கேட்டதா, நான் நினைத்துக்கொண்டதா, இன்றுவரை தெரியாது.

இந்த வருடத் தொடக்கத்தில் நோய் கண்டது. நாலு மாதம். முடி போனது, குரல் மெலிந்தது. தொப்பி மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. சனிக்கிழமைகளில் நடக்க முடியாமல் போனதும் நிர்மலன் காரில் கூட்டிக்கொண்டு வருவார். காருக்குள் இருந்தபடியே எண்களைக் கேட்டு எழுதுவார்.

அவர் போவதற்கு மூன்று கிழமைக்கு முன்பு, அப்படியொரு சனிக்கிழமை, என் வீட்டு வாசலில் கார் நின்றது. இறங்கி வந்தார். கிணற்றடியில் முருங்கை நிழலில் கதிரை போட்டேன். நிர்மலன் காரடியில் நின்றுவிட்டார். நானும் அவரும் மட்டும்.

“உங்கடை கிணறு எப்பிடி அண்ணை?”

“இருக்குது பிள்ளை.”

மடியில் விழுந்த முருங்கைப் பூ ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

“உங்கடை ரெண்டு பக்கத்துக் கிணறும் செவ்வாயிலையும் வெள்ளியிலையும் இறங்குது. நாலு வரியமா எனக்குத் தெரியும்.”

“ஏன் பிள்ளை சொல்லேல்லை?”

“கண்ணாலை பாத்து அளக்காத கிணத்தைப் பற்றி நான் எழுதமாட்டன். ஒருக்கா அப்பிடி எழுதித்தான் ஏரம்பண்ணையை உயிரோடை சாகடிச்சனாங்கள். நீங்கள்தான் சொல்லவேணும் அண்ணை. நான் இருக்கேக்கை எண்டு இல்லை. எப்பவெண்டாலும்.”

நான் கொடுத்த தேநீரை முழுக்கக் குடித்தார். என்னுடைய தோளில் கையூன்றி எழுந்தார். அந்தக் கைக்குப் பாரமே இல்லை.

சபையோரே, போன ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். கனவில் நான் நிலத்துக்குக் கீழே நடக்கிறேன். பயம் இல்லை. மூச்சு முட்டவில்லை. வெள்ளைக் கற்களுக்கு நடுவே கணுக்கால் அளவு தண்ணீர், இளஞ்சூடாக. மேலே வட்ட வட்டமாக வெளிச்சம். ஒவ்வொரு கிணறும் ஒரு சிறிய வானம். ஒன்றில் கிளி பறக்கிறது, ஒன்றில் ஒரு பெண்ணின் வளையல் கை தெரிகிறது. எண்ணிக்கொண்டே நடந்தேன். முப்பத்தேழு வெளிச்சம். தூரத்தில் தேவமலர், தொப்பியோடு, ஒவ்வொரு வெளிச்சத்தின் கீழும் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு நகர்கிறார். “தேவமலர்!” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. ஓரிடத்தில் போய் நின்றார். அங்கே வெளிச்சம் இல்லை. கறுப்பாக இருந்தது. இரண்டு கைகளையும் உயர்த்தி அந்த இருட்டைத் தடவிக்கொண்டு நின்றார், சுவரில் கதவைத் தேடுகிறவர்போல. அது யார் வீட்டுக்கு அடியில் இருக்கும் இடம் என்பது எனக்குத் தெரியும். விழித்தபோது தலையணை நனைந்திருந்தது.

அது என் கிணறு.

முப்பத்தேழு கிணறுகளிலும் கருவி இருக்கிறது. செயலாளர் வல்லிபுரத்தின் கிணற்றில் இல்லை! யாரும் கேட்கவில்லை. செயலாளரை யார் கேட்பது? தேவமலர் ஆரம்பத்தில் கேட்டார். வீட்டில் சிக்னல் இல்லை என்றேன். அடுத்த முறை கேட்டார். கிணறு ஆழம், கயிறு போதாது என்றேன். உண்மை என்ன? எட்டுப் பரப்புக் கதலி வாழை. தண்ணீருக்குள்ளே மூழ்கிக் கிடக்கும் மோட்டர். அதன் சத்தம் வெளியே வராது. செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணித்தியாலம் இறைத்தேன். ஏரம்புவின் அயலில் அன்று இறங்கிய அந்த இரண்டு கிணறுகளையும் இறக்கியவன் நான். ஏரம்புவின் மிசினைப் பூட்டிய அன்று வெள்ளிக்கிழமை. பூட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது என் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் எல்லோரும் விட்டுக்கொடுத்த அந்த எழுபது நாளிலும் என் வாழை வாடவில்லை.

நிர்மலன், உங்கள் மனைவியின் அஞ்சலிக் கூட்டத்தை நான் என் கதையால் அழுக்காக்குகிறேனா? மன்னிக்க வேண்டும். ஆனால் அவரைப் புகழ எனக்கு வேறு யோக்கியமான வழி தெரியவில்லை. நாலு வருடம் என்னைத் தலைகுனிய வைக்கக்கூடிய ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைக் கண்டால் முதலில் சிரித்தவர் அவர். என்னுடைய வாயிலிருந்து அது வர வேண்டும் என்று காத்திருந்தார். காத்திருந்தே போய்விட்டார்!

இன்று காலை ஏரம்பு வீட்டுக்குப் போனேன். அவனுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கை நின்றது.

“அந்த எட்டு நாளும் என்ரை மனிசி சாப்பிடேல்லை அண்ணை.”

அவன் அடுத்த பிடியை எடுத்துக் கட்டத் தொடங்கினான்.

“எனக்குச் சொன்னது காணாது,” என்றான். “போய்க் கூட்டத்திலை சொல்லுங்கோ.”

சொல்லிவிட்டேன், ஏரம்பு.

சங்கத்தின் செயலாளர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தை இந்தக் கூட்டத்தின் தலைவி அவர்களிடம் கொடுத்துவிட்டேன். என் மோட்டருக்கு எத்தனை நாள் பூட்டு என்பதைச் சங்கம் தீர்மானிக்கட்டும். பொறியியலாளர் தேவமலர் ஆரம்பித்த வேலை ஒரு நாளும் நிற்காது என்று இந்தச் சபையின் முன்னால் உறுதி சொல்கிறேன். பதினொரு வீடுகளில் இருக்கும் கொப்பி இருபது வீடுகளுக்குப் போகும், கோபிகா பொறுப்பு. சனிக்கிழமை அளவை நிற்காது. என் கால் நடக்கும்வரை நானும் ஒருவனாகப் போவேன். ஏரம்பு என்னோடு சேர்ந்து நடப்பானோ தெரியாது. நடக்காவிட்டால் பத்தடி பின்னால் நடப்பேன்.

தேவமலர், தங்கச்சி, நீங்கள் நல்லபடியாக உறங்குங்கள். மேலே நாங்கள் விழித்திருக்கிறோம்.

நாளை சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு என் கிணற்றில் முப்பத்தெட்டாவது கருவி இறங்கும். கோபிகா கொண்டுவருவார். கயிற்றை ஏரம்பு கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான். விரும்பியவர்கள் எல்லோரும் வாருங்கள். என்னைத் திட்ட விரும்பியவர்களும் வாருங்கள். முதல் எண் நல்லதாக இராது. இருந்தாலும் எழுதுங்கள்.